பொறுமையும் காத்திருத்தலும்

பொறுமை பௌத்தர்க்கு அணிகலன் என்று நாம் ஞாயிறுதோறும் கேட்டு வருகின்றோம். பத்துப் பாரமிதைகளுள் ஒன்றாக அஃது எண்ணப்படுவதைச் சிறுவர்க்கும் சொல்லித் தருகின்றோம். ஆயினும், அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசலில் சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு விடியற்காலம் முதல் நிற்கின்றவர் காட்டுவது அந்தப் பொறுமைதானா, அன்றி வேறொன்றா என்னும் வினாவை நம்மிடையே நாம் எழுப்பிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டில் ஒரு பெரியவருடன் தோல் வைத்தியரைக் காண மும்முறை செல்ல நேர்ந்தமையால், இவ்வினா நம்மை விட்டு அகலாததாயிற்று.

அப்பெரியவர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், தங்கவயலினர் பலரைப்போலவே, வேலையின் பொருட்டு நகரத்துக்கு இரயிலேறிப் போய்வந்தவர். இப்பொழுது முதுமையினால் வீட்டிலிருக்கின்றார். அவருடைய இடது முன்கையில் ஒரு ரூபாய்க் காசளவில் வெளிறிய தேமல் ஒன்று தோன்றிற்று. அரிப்பில்லை, எரிச்சலில்லை, நோவுமில்லை. நோவாத ஒன்றை நோயென்று யார் கருதுவார்? அவரும் கருதவில்லை, அவர் வீட்டாரும் கருதவில்லை, உண்மையைச் சொன்னால், வாரந்தோறும் அவர் கையைப் பற்றிக் குசலம் விசாரித்த நாமும் கருதவில்லை.

தேமல் தோன்றிய நாள் முதல் தகுந்த வைத்தியர் அதைத் தொட்டுப் பார்த்த நாள் வரை எட்டு மாதங்கள் ஆயின. இந்த எட்டு மாதங்கள் எங்கே போயின என்பதைப் பின்னர் ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். முதலிரண்டு மாதங்கள் அவரே பொருட்படுத்தாமல் விட்டவை. அவற்றுக்கு அவரே பொறுப்பு என்று அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த இரண்டு மாதங்கள் மருந்துக்கடையில் வாங்கிய களிம்பில் கழிந்தன. பின்னர் உள்ளூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அங்கே தோல் வைத்தியர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். முதல் வாரம் அவர் முகாமுக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் அந்த நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. மூன்றாம் வாரம் பொது வைத்தியர் ஒருவர் பார்த்து, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கடிதம் கிடைத்தது, ஆனால் உடன் செல்ல ஆளில்லை. மருமகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கின்றவர்; ஒரு நாள் விடுப்பென்றால் ஒரு நாள் கூலி போயிற்று, அதனோடு மேற்பார்வையாளரின் முகச்சுளிப்பும் சேர்ந்தது. அவர் விடுப்பைப் பெறுதற்கு ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. அந்த முதற் பயணத்தில்தான் நாமும் உடன் சென்றோம். விடியற்காலத்து இரயிலேறி நகரத்தை அடைந்து, சீட்டு வாங்கும் வரிசையில் நின்று, தோல் பிரிவின் வாசலுக்குச் சென்றபோது, புதிய நோயாளர்க்குரிய நாள் அன்றன்று என்று சொல்லப்பட்டது. சொன்ன இளைஞர் நம் பெரியவரை ஒருமையில் விளித்தே சொன்னார். ‘சரி ஐயா’ என்று பெரியவர் கைகூப்பினார். மீண்டும் ஒரு விடுப்பு, மீண்டும் ஒரு மாதம். இப்படியாக எட்டு மாதங்கள்.

இனி வாசகர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இரண்டாம் பயணத்தில் வைத்தியர் அவரைப் பார்த்தார். அன்று காலையில் சீட்டு எழுதப்பட்டது. அன்று முற்பகலிலேயே பரிசோதனை நடந்தது. ஆகவே ஆஸ்பத்திரியின் ஏட்டின்படி அவர் வந்த தேதியும் பார்க்கப்பட்ட தேதியும் ஒன்றே. அவர் ஒரு நாளேனும் காத்திருக்கவில்லை! ஏட்டில் பொய் ஏதுமில்லை. எழுதியவர் மீது குற்றமுமில்லை. ஆயினும் ஒரு மனிதருடைய வாழ்நாளில் எட்டு மாதங்கள் எந்த ஏட்டிலும் இடம்பெறாமல் மறைந்துபோயின. நம் நாட்டில் காத்திருத்தல் என்பது பெரும்பாலும் இவ்வாறே கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்கின்றது.

இங்கிலாந்து தேசத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்கே 1948ஆம் ஆண்டில் தொடங்கிய பொது மருத்துவப் பணியில், ஊர் வைத்தியர் நிபுணருக்கு எழுதிய கடிதம் ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த நாளே கணக்கின் தொடக்கமாகும். அன்று முதல் 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கப்பட வேண்டுமென்பது எழுதிவைக்கப்பட்ட வாக்குறுதி. காத்திருப்போரில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர்க்கேனும் அது நிறைவேறவேண்டும் என்பது விதி. தோலில் புற்றுநோய் இருக்கக்கூடுமென்று ஐயம் தோன்றினால் இரண்டு வாரங்களுக்குள் நிபுணர் பார்க்கவேண்டுமென்று முன்னர் விதித்திருந்தனர். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்விதியை மாற்றி, 28 நாட்களுக்குள் ‘இன்ன நோய், அல்லது நோயில்லை’ என்று தெரிவிக்கவேண்டும் என்றாக்கினர். இவ்வாக்குறுதிகள் அங்கே நிறைவேறிவிட்டன என்று யாரும் மயங்கவேண்டுவதில்லை. 18 வார விதி 2016க்குப் பின்னர் நிறைவேறவில்லை. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துக் காத்திருப்போர் கணக்கு 2022இல் எழுபது இலட்சத்தைத் தாண்டிற்று. ஆயினும் அத்தோல்வியை அங்குள்ள எவரும் எண்ணிக்கையாகச் சொல்லிக் காட்டமுடியும். பாராளுமன்றத்தில் மந்திரியை நிறுத்திக் கேட்கமுடியும். எண்ணப்படுகின்ற துன்பத்துக்கு விடை கூறவேண்டியவர் ஒருவர் இருக்கின்றார். நம் பெரியவருடைய எட்டு மாதங்களுக்கு விடை கூறவேண்டியவர் யார்? சீட்டு எழுதியவரா? முகாமுக்குப் போன வைத்தியரா? விடுப்புக் கொடாத மேற்பார்வையாளரா? ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவினால் ஒவ்வொருவரும் குற்றமற்றவரே.

இரண்டாம் பயணத்தில் பரிசோதனை அறையினுள் நடந்ததைச் சொல்லவேண்டும். வைத்தியர் இளம் பெண்மணி. அன்று அவர் எதிரே நூற்றுக்கு மேற்பட்டோர் நின்றனர். நம் பெரியவருக்கு அவர் அளித்த நேரம் ஐந்து நிமிஷங்களும் இராது. ஆனால் அந்த ஐந்து நிமிஷங்களில் அவர் செய்ததைப் பிறர் எட்டு மாதங்களில் செய்யவில்லை. கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சுத் திரியினால் தொடும் இடத்தை விரலால் காட்டவேண்டுமென்றார். தோளிலே தொட்டார், பெரியவர் சரியாகக் காட்டினார். புறங்கையிலே தொட்டார், காட்டினார். பின்னர் தேமலின் நடுவிலே தொட்டார். பெரியவர் அசையாமலிருந்தார். மீண்டும் தொட்டார். மூன்றாம் முறையும் தொட்டார். கண்களை மூடியபடியே பெரியவர், ‘இன்னும் தொடவில்லையா, டாக்டரம்மா?’ என்று வினவினார்.

நாம் பக்கத்திலே நின்றிருந்தோம். அவ்வினாவை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கின்றது.

வைத்தியர் அவருடைய முழங்கையின் உட்புறத்தை விரல்களால் உருட்டிப் பார்த்து, அங்கே ஓடும் நரம்பு தடித்திருப்பதைக் கண்டார். சுண்டுவிரலை விரிக்கச் சொன்னார். அது முழுவதும் விரியவில்லை. முன்னோர் பெருநோய் என்றும் குஷ்டம் என்றும் அஞ்சிய தொழுநோயின் அடையாளங்கள் இவை. அஞ்சுதற்கு இப்பொழுது ஏதுமில்லை. 1873இல் நார்வே தேசத்து ஹான்சன் என்பார் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்தார். 1980களின் தொடக்கம் முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையினால், நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதங்களிலோ பன்னிரண்டு மாதங்களிலோ கிருமியை ஒழித்துவிடலாம். மருந்துக்கு விலையுமில்லை. கிருமி ஒழிந்தாலும், மாய்ந்துபோன நரம்பு மட்டும் மீளாது. நரம்பின் பலவீனம் தோன்றி ஆறு மாதங்களுக்குள் தக்க மருந்து கொடுத்தால் மீளக்கூடும்; அதற்குமேல் நாளாக ஆக நம்பிக்கை குறையும். ‘விரல் எப்பொழுது மடங்கத் தொடங்கிற்று?’ என்று வைத்தியர் கேட்டார். பெரியவரால் சொல்ல இயலவில்லை. நோவாதது தொடங்கும் நாளை யார் குறித்துவைப்பார்?

தோல் நோயினால் யாரும் உடனே இறப்பதில்லை, ஆகவே அது கடைசியில் நிற்கலாம் என்றொரு வழக்குண்டு. ஏழை நாட்டின் பணம் முதலில் இருதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் பிரசவத்துக்கும் போகவேண்டாவோ என்பர். இது இகழத்தக்க வாதமன்று. பணம் அளவுடையது, வைத்தியரும் அளவுடையர். ஆனால் இவ்வாதம் துன்பத்தை மரணத்தால் மட்டும் அளக்கின்றது. சிற்றுண்டிச்சாலையில் பரிமாறுகின்ற இளைஞனுக்குக் கழுத்திலே படர்தாமரை வந்தால் அவன் வேலை போகின்றது. பெண்ணின் கன்னத்தில் வெண்புள்ளி தோன்றினால் நிச்சயித்த கலியாணம் நிற்கின்றது. தொற்றாத அந்த நிறமாற்றத்துக்கு ‘வெண்குஷ்டம்’ என்று இல்லாத பெயரை வேறு சூட்டுகின்றார்கள். தொழுநோய் பெற்றோரைப் பிடித்து அடைத்துவைக்க இடந்தந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. மணவாழ்க்கையை முறித்துக்கொள்ள அந்நோயையே காரணமாகக் காட்டலாமென்னும் விதி 2019இல்தான் சட்டப்புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, மருந்து வந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆகும்வரை சட்டம் காத்திருந்தது! தனியே உட்காரவைக்கப்படுதல் எத்தகையது என்பதை நம் மக்களுக்கு ஒருவர் விளக்கவேண்டுவதில்லை.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே, இன்னும் அதைப் பற்றிப் பேசுவானேன் என்பாரும் உளர். மக்கட்டொகையில் பதினாயிரம் பேர்க்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளர் இருப்பின் ‘பொதுநலப் பிரச்சினையாக இல்லை’ என்று சொல்லும் அளவுகோலை இந்தியா 2005இன் இறுதியில் எட்டியது மெய்யே. ஆனால் 2023ஆம் ஆண்டில் உலகிற் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1,82,000 பேருள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவினரே. ஒழிந்தது என்ற பேச்சு மக்களின் செவிக்கு எட்டிற்று; நோய் ஒழியவில்லை என்பது எட்டவில்லை. அப்பேச்சினாலும் சிலர் காத்திருக்கின்றனர்.

களிம்பைப் பற்றி மேலே சொன்னோம். அதை விட்டுவிடலாகாது. வைத்தியரைக் காண இயலாதவர் என்ன செய்வார்? தெருமுனை மருந்துக்கடைக்குப் போவார். கடைக்காரர் ஸ்டீராய்டும் காளான் மருந்தும் வேறிரண்டும் கலந்த களிம்பைத் தருவார். பூசிய இரண்டு நாட்களில் அரிப்பு அடங்கும். உள்ளே படர்தாமரை பரவும். நிறுத்தினால் முன்னிலும் பெரிதாக எழும், மீண்டும் பூசுவார். இத்தகைய களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் அரசாங்கம் விதி செய்தது. விதி இருக்கின்றது, கேட்டால் களிம்பும் கிடைக்கின்றது. இதன் விளைவாக வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒருவகைப் படர்தாமரை நம் நாட்டில் பெருகி, 2020இல் அதற்கு இந்தியாவின் பெயராலேயே ‘டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே’ என்று பெயரிடும் நிலைமை ஏற்பட்டது. இன்று அது பிற தேசங்களிலும் காணப்படுகின்றது. முன்னே சில வாரங்களில் தீர்ந்த நோய்க்கு இப்பொழுது பல மாதங்கள் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொரு நோயாளரும் பலமுறை வரவேண்டியிருப்பதால் வரிசை நீளுகின்றது. வரிசை நீளுவதால் மேலும் பலர் கடைக்குத் திரும்புகின்றனர். ஒருவரைக் காக்கவைத்தலின் தீங்கு அவரோடு நிற்பதில்லை.

இனிப் பொறுமைக்கு வருவோம். முதற் பயணத்தில் திருப்பியனுப்பப்பட்டு, பிற்பகல் இரயிலுக்காக நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, நாம் சினந்து பேசினோம். பெரியவர் நகைத்து, ‘என்ன தம்பி, நமக்குப் பொறுமையைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?’ என்றார். நமக்குச் சிறிது வெட்கமாயிருந்தது. அவருடைய மனவமைதியை மெச்சவும் செய்தோம். இப்பொழுது எண்ணிப் பார்க்கையில், அன்று வெட்கப்பட்டது சரி, மெச்சியது தவறு என்று தோன்றுகின்றது. தீங்கு செய்தார்க்குத் திருப்பித் தீங்கு செய்ய வல்லவன் அதைச் செய்யாது அடங்குதலே பொறுமை. அங்கே ஒரு வன்மையும் அதை அடக்கும் மனமும் இருக்கின்றன. பணமுடையவன் தனியார் வைத்தியரிடம் அன்று மாலையே சென்றிருப்பான், அவ்வழி இவருக்கில்லை. வேறு வழியில்லாதவன் நிற்கின்றான். நிற்பதைப் பொறுமையென்று நாம் பெயரிடுகின்றோம். அப்பெயர் அவனுக்கு ஒரு பயனும் தருவதில்லை; அவனை நிற்கவைத்த ஏற்பாட்டுக்குத்தான் பயன் தருகின்றது. ஒருவர் தம் துன்பத்தைப் பற்றித் தாமே பொறுமை சொல்லிக்கொள்ளலாம். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நிற்பவரை நோக்கி அதைச் சொல்லலாகாது.

எனின், வரிசை என்பதே தீயதோ? அன்று. நம் மக்கள் வரிசையைப் பழிக்கமாட்டார்கள். கிணற்றிலும் குளத்திலும் முறையென்பதே இல்லாமல், எல்லோரும் போன பின்னரும் நமக்கு முறை வாராதிருந்த காலம் ஒன்றிருந்தது. பொதுக் குளத்து நீரை மொண்டு குடித்தற்கே 1927இல் மஹாட்டில் பெருங்கூட்டமாகச் செல்லவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டிலோ எண் ஒன்றுதான் இருக்கின்றது. முப்பத்தொன்றுக்குப் பின் முப்பத்திரண்டு. குலம் இன்னதென்று அந்த எண் கேட்பதில்லை. அந்த அளவில் அது நாம் விரும்பிப் போற்றவேண்டிய ஏற்பாடே.

ஆயினும் முன்வந்தவர்க்கு முன்னே என்னும் நீதியில் ஒரு குறையுண்டு. ஆஸ்பத்திரிக்கு அருகில் வீடுடையவர் எப்பொழுதும் முன்வருவார். இரயிலேறி வருகின்றவர் எப்பொழுதும் பின்வருவார். நெப்போலியனுடைய சேனையில் வைத்தியராக இருந்த லார்ரே என்பார், காயம்பட்டோரைப் பதவி நோக்காது காயத்தின் கடுமை நோக்கியே எடுக்கவேண்டுமென்று முறை வகுத்தார். இன்றைய அவசரப் பிரிவுகள் அம்முறையைப் பின்பற்றுகின்றன. தோல் பிரிவில் அது எளிதன்று. அரிப்பு மனிதனைத் துடிக்கவைக்கின்றது. துடிப்பவனைப் பார்த்து யாவரும் இரங்குகின்றனர். உணர்விழந்த தேமலோ துடிப்பதில்லை. தோலிலே தோன்றும் கொடிய கரும்புற்றும் தொடக்கத்தில் நோவதில்லை. ஓசை எழுப்புவது முன்னே போகின்றது. கேடு செய்வது சும்மா இருக்கின்றது. ஆகவே, ‘யாருக்கு அவசரம்?’ என்று வரிசையை நோக்கிக் கேட்டால் உண்மை விடை வாராது. தேடிச் சென்று தொட்டுப் பார்க்கின்றவர் வேண்டும்.

இவ்விடத்தில் நம் நூல்களிலுள்ள இரண்டு வரலாறுகள் நினைவுக்கு வருகின்றன. இராஜகிருகத்தில் சுப்பபுத்தன் என்னும் குஷ்டரோகி, கூட்டத்தைக் கண்டு உணவு வழங்குகின்றார்களென்று நினைத்து வந்து, தர்மம் போதிக்கப்படுவதையறிந்து ஓரத்தில் அமர்ந்தான். அவன் யாதும் கேட்கவில்லை. பகவான் கூட்டம் முழுவதையும் மனத்தால் நோக்கி, அன்று கேட்கத் தகுதியுடையவன் அவனே என்று தேர்ந்து, அவன்பொருட்டே போதனையைத் தொடங்கினார் என்று உதானம் கூறுகின்றது. மற்றது ஆளவி நகரத்து உழவன் கதை. எருது காணாமற்போனதால் அவன் வரத் தாமதமாயிற்று. பகவான் உணவு முடிந்த பின்னரும் போதிக்காது மௌனமாயிருந்தார். ஊரார் அனைவரும் உடன் இருந்தனர். உழவன் பசியோடு வந்தபின், முதலில் அவனுக்கு உணவிடச் செய்து, பின்னரே பேசினார். காத்திருந்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். அக்கதையில் ஏழை காத்திருக்கவில்லை.

இத்தனையும் எழுதிய நாம் நம்முடைய செயல் ஒன்றை மறைத்தல் தகாது. இரண்டாம் பயணத்தில் நம் எண் எழுபத்து நான்கு. அன்று நம் அன்பர் ஒருவருடைய உறவினர் அந்த ஆஸ்பத்திரியில் ஊழியராயிருப்பது தெரியவர, அவரைக் கண்டு பேசினோம். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து நம்மை உள்ளே அழைத்துப்போனார். கதவின் பக்கத்தில் முப்பத்தொன்றாம் எண்ணுடன் ஒரு கிராமத்துத் தாய் நின்றிருந்தாள். கையிலிருந்த குழந்தையின் விரலிடுக்கெல்லாம் சிரங்கு. அது அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அவள் நம்மைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

தேமல் தொழுநோய் என்று தெரிந்த பின்னர், ‘நம்முடைய தேவைதானே பெரிது, சென்றது நன்றாயிற்று’ என்று நமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது பொய்ச் சமாதானம். கதவைத் திறந்தபோது நாம் அந்நோயை அறியோம். பிற்பகல் இரயிலை மட்டும் அறிவோம். நாம் எடுத்தது தேவையின் முறையுமன்று, வருகையின் முறையுமன்று, உறவின் முறை. நம் மக்களை நூற்றாண்டுகளாகப் பின்னே நிறுத்திய முறையும் அதுவே. சிரங்கு சிறு நோயென்று சொல்லித் தப்பவும் வழியில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் ஒரே இரவில் மருந்து பூசாவிடின் அது மீண்டும் மீண்டும் வரும். அதைச் சொல்லித்தர ஒரு வைத்தியருக்கு ஐந்து நிமிஷம் வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் அவளுக்கு அன்று கிடைத்ததா என்று நாம் அறியோம். வெளியே வந்தபோது பெரியவர்தாம், ‘அந்தக் குழந்தை இன்னும் நிற்கிறதே’ என்றார். தம் நோயின் பெயரைக் கேட்டு அரைமணி நேரம்கூட ஆகாத மனிதர்!

என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய திட்டங்கள் நம்மிடம் இல்லை. 2019இன் இறுதியில் தொடங்கிய இ-சஞ்சீவனி ஏற்பாட்டின் மூலம் தொலைவிலுள்ள வைத்தியரைப் படத்தாலும் பேச்சாலும் கலந்துகொள்ள இயலுகின்றது. படர்தாமரைக்கும் சிரங்குக்கும் அது பெரிதும் உதவும். ஆனால் படம் நிறத்தைக் காட்டும்; உணர்ச்சியின்மையைக் காட்டாது. அதற்கு ஒரு கை வேண்டும். 2016 முதல் அரசாங்கம் நடத்திவரும் தேடுதல் இயக்கங்களில் கிராமத்து ஆஷா ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று தேமல்களைத் தேடுகின்றனர். நம் சங்கத்து இளைஞரும் பஞ்சுத் திரியால் சோதிக்கும் அச்சிறு முறையை ஒரு நாளிற் கற்றுக்கொண்டு தம் தெருவைப் பார்த்துக்கொள்ளலாம். தொலைவிலிருந்து வருவோர்க்கு இரயில் வந்துசேர்ந்த பின்னர் ஒரு தனி நேரம் ஒதுக்குமாறு ஆஸ்பத்திரியாரைக் கேட்கலாம். துணைக்கு ஆளில்லாத முதியோருடன் முறைவைத்துச் செல்லலாம். அதனால் ஒரு மருமகளின் கூலி மிஞ்சும். இவற்றைவிட எளியதொன்றும் உண்டு. சீட்டிலே வந்த தேதியோடு, உபாதை தொடங்கிய தேதியையும் முதன்முதலில் எந்த வாசலில் நின்றார் என்பதையும் எழுதுதல். மை தவிர வேறு செலவில்லை.

மூன்றாம் பயணத்தில் விடியலிலேயே வரிசையில் நின்றோம். நம் எண் நாற்பத்தெட்டு. உள்ளே போனபோது மணி ஒன்றாகிவிட்டது. மருந்தினால் பெரியவரின் மேனி கருத்திருந்தது. அது மருந்தின் இயல்பு, முடிந்தபின் மெல்ல மாறும் என்றார் வைத்தியர். சுண்டுவிரல் சற்றே விரிகின்றது, முழுவதும் அன்று. தேமலின்மேல் பஞ்சுத் திரியை மீண்டும் வைத்தார். பெரியவர் கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

முந்தின இரவு நாம் சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எட்டு மாதங்களையும் தேதிவாரியாக எழுதிவைத்திருந்தோம். வைத்தியர் சீட்டைத் திருப்பி அதைப் படித்தார். இது யார் எழுதியது என்று கேட்டார், சொன்னோம். தம் ஏட்டை இழுத்து, விளிம்பிலே சிறிய எழுத்தில் அத்தேதிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதிக்கொண்டார். பின்னர் வாசலை நோக்கி நாற்பத்தொன்பதாம் எண்ணை அழைத்தார்.